மஞ்சள் லைட் எரிகிறதா? சென்சார் வாங்கக் கிளம்பும் முன் மீட்டரை எடுங்கள்

என் ஸ்கூட்டர் டிக்கியில் ஒரு பழைய மிட்டாய் டப்பா கிடக்கிறது. அதற்குள் இரண்டு சென்சார்கள். இரண்டும் நல்லவை. இரண்டையும் "செத்துப்போச்சு" என்று முடிவு கட்டிக் கழற்றியவன் நான்தான், புதிது வாங்கிப் போட்டும் டேஷ்போர்டில் அதே மஞ்சள் செக் இன்ஜின் லைட் மறுபடி எரிந்த பிறகுதான் புத்தி வந்தது. அந்த டப்பாவை நான் தூக்கிப் போடாமல் வைத்திருப்பதே அடுத்த முறை அவசரப்படும்போது கண்ணில் படட்டும் என்றுதான்.

2020 ஏப்ரல் 1-இல் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. அதோடு கிட்டத்தட்ட எல்லா பெட்ரோல் ஸ்கூட்டரிலும் கார்புரேட்டர் போய் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. முன்பெல்லாம் வண்டி மக்கர் பண்ணினால் பிளக்கைத் துடைத்து, ஜெட்டை ஊதி, ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பினால் பாதி வியாதி போய்விடும். இப்போது எவ்வளவு பெட்ரோல் விடுவது, எப்போது பொறி அடிப்பது என்பதை இசியு என்ற கம்ப்யூட்டர் பெட்டி முடிவு செய்கிறது, அதற்குக் கண்ணும் காதுமாக இருப்பவை இந்தச் சென்சார்கள். த்ராட்டில், அதாவது கைப்பிடியை முறுக்கினால் திறந்து காற்றை விடும் தட்டு, எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்ல டிபிஎஸ். உள்ளே போகும் காற்றின் அழுத்தத்துக்கு மேப் சென்சார், அதன் சூட்டுக்கு ஐஏடி. இன்ஜின் சூட்டுக்கு ஒன்று, பிஸ்டன் சுற்றும் தண்டான கிராங்க் எங்கே நிற்கிறது என்று சொல்ல ஒன்று, புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை அளக்க சைலன்சர் குழாயில் ஒன்று, வண்டி விழுந்தால் இன்ஜினை நிறுத்த ஒன்று. பல மாடல்களில் டிபிஎஸ், மேப், ஐஏடி மூன்றும் ஒரே கட்டியாக த்ராட்டில் பாடியின் மேல் உட்கார்ந்திருக்கும், அதனால் ஒன்று போனாலும் மூன்றுக்கும் சேர்த்துத்தான் காசு.

தேவையான சாமான் அதிகமில்லை. ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், நாலைந்து மெல்லிய குண்டூசி, கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே, ஸ்க்ரூ டிரைவர், 8, 10 ஸ்பேனர். குண்டூசி எதற்கென்றால், கப்ளரை (சென்சாரில் ஒயர் வந்து மாட்டும் பிளாஸ்டிக் இணைப்பு) கழற்றாமலே அதன் பின்பக்கம் ஒயர் நுழையும் ரப்பர் ஓரமாக ஊசியைச் சொருகி அதில் மீட்டர் முனையை வைத்து அளக்கத்தான். ஒயரின் தோலை பிளேடால் சீவி அளப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இன்றைக்கு அளந்துவிடலாம், சீவிய இடத்தில் மழைத்தண்ணீர் இறங்கி ஆறு மாதத்தில் அதுவே புதுத் தகராறாகும். சாவி ஆனில் இருக்கும்போது எந்தக் கப்ளரையும் பிடுங்காதீர்கள்.

முதலில் பேட்டரியும் எர்த்தும்

இதைப் பார்க்காமல் கீழே எதையும் படிக்க வேண்டாம் என்றுகூடச் சொல்வேன். இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.4 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.5-க்குக் கீழே சரிந்தால், இசியு ஒரு நொடி மயங்கி எழுந்து சம்பந்தமே இல்லாத ஏதாவது ஒரு கோடை, அதாவது குறையைச் சொல்லும் எண்ணை, பதிந்து வைக்கும். ஓடும்போது, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்தால், 13.5-இலிருந்து 14.8-க்குள் இருக்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் சார்ஜை அளவோடு நிறுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது, அதைச் சரி செய்யாமல் புது சென்சார் மாட்டுவது காசைக் கரியாக்கும் வேலை.

எர்த், அதாவது இன்ஜினிலிருந்து பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் ஒயர் வழி, பார்ப்பது இப்படி. மீட்டரின் கறுப்பு முனை பேட்டரி மைனஸில், சிவப்பு முனை இன்ஜின் பாடியில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டில். செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயர் போல்ட்டைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்குங்கள். நான் இருப்பது தூத்துக்குடி. கடல் காற்றில் இங்கே செம்பு எதுவும் களிம்பு பிடிக்காமல் ஒரு வருடம் தாண்டாது, பித்தளைக் குடத்தில் வரும் அதே பச்சைதான் கப்ளர் பின்னிலும் வரும். குடத்தைப் புளி போட்டுத் தேய்க்கலாம், கப்ளரை வேண்டாம்.

லைட் என்ன சொல்கிறது

சாவி போட்டதும் செக் இன்ஜின் லைட் எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் அதுவும் பிரச்சினைதான், பழைய வண்டி வாங்கும்போது இதைக் கவனியுங்கள், சிலர் பல்பையே ஊமையாக்கி விற்பார்கள். சில மாடல்களில் இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்து வைத்தால் லைட் மினுக்கிக் கணக்குச் சொல்லும். ஹோண்டா பாணியில் ஒரு நீண்ட மினுக்கல் என்றால் பத்து, ஒரு குட்டி மினுக்கல் என்றால் ஒன்று. 1 வந்தால் மேப், 7 இன்ஜின் சூடு, 8 டிபிஎஸ், 9 ஐஏடி, 12 இன்ஜெக்டர் (பெட்ரோல் பீய்ச்சும் முனை), 21 ஆக்சிஜன் சென்சார், 29 ஐடிலிங் வால்வு, 54 வண்டி சாய்வு.

கோடை நேராகப் படித்துக் காட்டும் ஸ்கேனர் கிடைத்தால் இன்னும் நல்லது. சீட்டுக்கு அடியிலோ பேட்டரிக்குப் பக்கத்திலோ மூடி போட்ட ஒரு கனெக்டர் சும்மா தொங்கும், பெரும்பாலும் சிவப்பு நிறம். அதற்கான அடாப்டர் ஒயரும் ஒரு புளூடூத் கருவியும் ஆன்லைனில் விற்கிறார்கள், எல்லா மாடலோடும் பேசாது, வாங்கும் முன் உங்கள் வண்டியில் ஓடியதா என்று யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

கோடைப் படிப்பதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஸ்கேனரில் வரும் பி0117, பி0118 இரண்டும் இன்ஜின் சூட்டு சென்சாருக்கு உரியவை. பி0117 'லோ', பி0118 'ஹை'. ஹை என்றதும் இன்ஜின் சூடாகிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். அது சூட்டைப் பற்றிய பேச்சே இல்லை. சிக்னல் ஒயரில் வோல்ட் அதிகமாக நிற்கிறது என்று அர்த்தம். இந்தச் சென்சாரில் ஒயர் அறுந்தாலும் கப்ளர் கழன்றாலும் இசியுவுக்கு முழு 5 வோல்ட் தெரியும், உடனே ஹை. ஒயர் எங்கேயாவது எர்த்தில் உரசினால் லோ. ஐஏடிக்கு பி0112, பி0113 என்று இதே ஜோடி. ஆக 'ஹை' கோடு பார்த்தால் சென்சாரைச் சந்தேகப்படும் முன் அதன் ஒயர் முழுசாக இருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். எலிக்கு ஃப்ளோர் போர்டுக்கு அடியில் ஓடும் ஒயர்க்கட்டு என்றால் கருவாடு மாதிரி.

செல்ஃப் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை

சாவியை ஆன் செய்து காதைத் தீட்டிக்கொண்டு நில்லுங்கள். டேங்க் பக்கம் இரண்டு மூன்று நொடி 'ஙொய்' என்று பம்ப் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் பியூஸ், அப்புறம் பம்ப் கப்ளர். வண்டி சமீபத்தில் சாய்ந்து விழுந்ததா என்று வீட்டில் விசாரியுங்கள், விழுந்ததைப் பிள்ளைகள் சொல்லவே மாட்டார்கள். விழுந்திருந்தால் சாய்வு சென்சார் இன்ஜினை நிறுத்தி வைத்திருக்கும், சாவியை ஆஃப் செய்து பத்து நொடி கழித்து ஆன் செய்தால் தெளிந்துவிடும். தெளியவில்லையென்றால் அந்தச் சென்சார் தன் இடத்தில் நேராக, அம்புக்குறி மேலே பார்த்தபடி இருக்கிறதா என்று பாருங்கள். முன்பக்க பேனலை மாற்றிய ஒரு கடையில் அதைத் தலைகீழாக மாட்டி அனுப்பிய வண்டி ஒன்று என் கைக்கு வந்தது, நாலு நாள் அதை வைத்துக்கொண்டு பம்ப், இன்ஜெக்டர் என்று பட்டியல் போட்டிருந்தார்கள். சில மாடல்களில் இந்தச் சென்சாரின் சிக்னல் நேராக நிற்கும்போது 0.4 முதல் 1.4 வோல்ட், 65 டிகிரிக்கு மேல் சாய்த்தால் 3.7 முதல் 4.4. கையில் பிடித்துச் சாய்த்தே பார்த்துவிடலாம்.

சைடு ஸ்டாண்ட் சுவிட்ச் உள்ள வண்டியென்றால் அதில் சேறு அடைத்திருக்கிறதா என்பதையும் ஒரு பார்வை பாருங்கள்.

பம்ப் ஓடுகிறது, ஆனாலும் உயிர் வரவில்லை என்றால் பிளக்கைக் கழற்றுங்கள். ரொம்ப நேரம் செல்ஃப் அடித்தும் பிளக் காய்ந்திருக்கிறது, பொறியும் இல்லை, இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் கிராங்க் சென்சார் பக்கம் சந்தேகம் போக வேண்டும். கிராங்க் சுற்றுவதே தெரியாவிட்டால் இசியு பொறியும் அடிக்காது, பெட்ரோலும் விடாது. பொறி இருக்கிறது, பெட்ரோல் மட்டும் இல்லை என்றால் இன்ஜெக்டர் பக்கம், அதன் இரண்டு பின்னுக்கு நடுவே பத்திலிருந்து பதினைந்து ஓமுக்குள் காட்டும். பொறியைப் பார்க்கும்போது பிளக்கைத் திறந்த பிளக் துளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், அங்கே பெட்ரோல் ஆவி வந்துகொண்டே இருக்கும்.

கிராங்க் சென்சார் என்பது மேக்னெட்டோ (இன்ஜினோடு சுற்றும் காந்தச் சக்கரம்) பக்கத்தில் இருக்கும் இரண்டு ஒயர் பல்சர் காயில் என்றால் ஓம் வைத்து அளக்கலாம். மாடலைப் பொறுத்து நூறு முதல் ஐநூறு ஓம் வரை வரும், மீட்டரில் அளவே வராமல் தொடர்பில்லை என்ற குறியாக வெறும் 1 மட்டும் நின்றால் காயில் அறுந்தது. இரண்டில் எந்த ஒயருக்கும் இன்ஜின் பாடிக்கும் தொடர்பு தெரிகிறதா என்றும் பாருங்கள், எர்த் ஆகும் ஒயர் அந்தக் காயிலுக்குக் கிடையாது என்று உங்கள் வண்டியின் ஒயரிங் படம் சொன்னால், அங்கே தொடர்பு காட்டக் கூடாது. அப்புறம் மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து செல்ஃப் அடித்தால் சிறிதளவாவது வோல்ட் துடிக்க வேண்டும். சத்தமே இல்லாமல் ஸ்டார்ட் ஆகும் ஏசிஜி ஸ்டார்ட்டர் வண்டிகளில் காந்தத்தை உணரும் ஹால் சென்சார்கள் இருக்கும், அவற்றை ஓம் வைத்து அளந்து எந்த முடிவுக்கும் வர முடியாது. ஸ்கேனரில் செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் பூஜ்யமாகவே நிற்கிறதா என்று பார்ப்பதுதான் அங்கே நேர்வழி.

காலையில் எடுக்க அடம், எடுத்தால் கரும்புகை

இது பெரும்பாலும் இன்ஜின் சூட்டு சென்சார். நான் ஏமாந்ததும் இதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்தச் சென்சார் சூடு ஏற ஏற ஓம் குறையும் ரகம். பரவலாக இருக்கும் வகைக்கு மேனுவலில் 2.3 முதல் 2.6 கிலோ ஓம் என்று போட்டிருக்கும். நான் மீட்டரை வைத்தேன், 1.5 காட்டியது. போச்சு என்று புதிது வாங்கி வந்தேன். கடையிலேயே அளந்து பார்க்கலாமே என்று தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து அதை அளந்தால் அதுவும் 1.5! அப்புறம்தான் மேனுவலைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன், 2.3 முதல் 2.6 என்பது 20 டிகிரி செல்சியஸில். சித்திரை மாதத் தூத்துக்குடியில் 20 டிகிரிக்கு எங்கே போவது? என் வீட்டுத் திண்ணையில் அன்றைக்கு 34. அந்தச் சூட்டுக்கு ஒன்றரை கிலோ ஓம்தான் சரியான அளவு. நம் ஊரில் இந்த ஒரு காரணத்துக்காகவே எத்தனை நல்ல சென்சார்கள் குப்பைக்குப் போயிருக்குமோ தெரியாது.

சரியாகச் சோதிக்க வேண்டுமென்றால் சென்சாரைக் கழற்றி, இரண்டு ஒயர் முடிந்து, அடுப்பில் ஒரு பாத்திரத் தண்ணீரில் முனை மட்டும் முங்கும்படி தொங்க விடுங்கள். அடியில் தொடக் கூடாது. 40 டிகிரியில் சுமார் 1.1 கிலோ ஓம், 80-இல் சுமார் 320 ஓம், கொதிக்கும்போது 200-ஐ ஒட்டி. அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் கவலை வேண்டாம். சூடு ஏற ஏற ஒரே சீராக இறங்குகிறதா, நடுவில் எங்கேயாவது குதிக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. பாத்திரத்தை வீட்டுக்காரம்மாவிடம் கேட்டு எடுங்கள்.

கழற்றச் சோம்பலாக இருந்தால் இன்னொரு வழி இருக்கிறது. பி0118 வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாவியை ஆஃப் செய்து, கப்ளரைக் கழற்றி, ஒயர் பக்கத்தில் உள்ள இரண்டு துளையையும் ஒரு சின்ன ஒயர்த்துண்டால் இணைத்து, சாவியை ஆன் செய்யுங்கள். கோடு பி0117 ஆக மாறினால் ஒயரும் இசியுவும் நன்றாக இருக்கின்றன, சென்சார்தான் போயிருக்கிறது. மாறவில்லையென்றால் ஒயரைத் தேடுங்கள். இந்த இணைப்பு வித்தை இரண்டு ஒயர் சூட்டு சென்சாருக்கு மட்டும். 5 வோல்ட் சப்ளை வரும் மூன்று ஒயர் சென்சாரில் இதைச் செய்து இசியுவைச் சுட்டுக்கொண்டு என்னைத் திட்டாதீர்கள்.

சிக்னலில் நின்றால் ஆஃப், ஐடிலிங் ஏறி இறங்குகிறது

சென்சாரை மறந்துவிட்டு ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி த்ராட்டில் பாடிக்குள் டார்ச் அடியுங்கள். தட்டு மூடும் விளிம்பில் கறுப்பாக ஒரு வளையம் கட்டியிருக்கும். ஐடிலிங்குக்கு வேண்டிய காற்று அந்த மெல்லிய இடுக்கிலும் பக்கத்து ஐடிலிங் வால்வு வழியிலும்தான் போகிறது. துணியில் த்ராட்டில் கிளீனரை நனைத்து மெதுவாகத் துடையுங்கள். நேராக உள்ளே பீய்ச்சினால் சென்சார் கட்டிக்குள் இறங்கிவிடும். தட்டைப் பிடித்து நிறுத்தும் குட்டி ஸ்க்ரூவில் பெயின்ட் புள்ளி வைத்திருப்பார்கள், அதைத் திருப்பி ஆர்பிஎம் ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வாருங்கள். அதைத் திருப்பினால் டிபிஎஸ்ஸின் பூஜ்யக் கணக்கே மாறிப்போகும்.

அடுத்தது காற்றுக் கசிவு. த்ராட்டில் பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள ரப்பர் பூட்டில் வெடிப்பு இருந்தால் கணக்கில் வராத காற்று உள்ளே போகும். ஆறின இன்ஜினில் சோப்புத் தண்ணீரை அங்கே தடவி ஸ்டார்ட் செய்து, ஐடிலிங் மாறுகிறதா என்று பாருங்கள்.

இதெல்லாம் சரி என்றால் மேப். மூன்று ஒயரில் ஒன்றில் 5 வோல்ட், ஒன்று எர்த், ஒன்று சிக்னல். சாவி ஆன், இன்ஜின் ஓடவில்லை, அப்போது அது காட்ட வேண்டியது ஊர்க்காற்றின் அழுத்தம், கடலோரத்தில் ஸ்கேனரில் 101 கிலோ பாஸ்கல் அருகில். ஊட்டிக்காரர்கள் 77, 78 பார்த்துப் பயப்பட வேண்டாம், 2,200 மீட்டர் உயரத்தில் காற்று அவ்வளவுதான். ஸ்டார்ட் ஆனதும் இந்த அளவு கீழே இறங்கித் துடிக்க வேண்டும். ஒற்றை சிலிண்டர் என்பதால் நிலையாக நிற்காது. ஸ்டார்ட் செய்தும் 101-லேயே உட்கார்ந்திருந்தால், சென்சாரைக் குறை சொல்லும் முன் அதன் சின்னத் துளை கரி அடைத்திருக்கிறதா பாருங்கள்.

முறுக்கினால் தடுமாற்றம், ஜெர்க், பிக்கப் இல்லை

டிபிஎஸ் சோதனைதான் எல்லாவற்றிலும் சுலபம், அதிலும் மீட்டரை விடப் பொறுமை முக்கியம். சாவி ஆன், இன்ஜின் ஆஃப், சிக்னல் ஒயரில் ஊசி. கைப்பிடி விட்ட நிலையில் சுமார் 0.5 முதல் 0.7 வோல்ட், முழுசாக முறுக்கினால் 4-க்கு மேல். இப்போது பூஜ்யத்திலிருந்து முழுசு வரை, ஒரு முழு நிமிடம் எடுத்துக்கொண்டு, நத்தை வேகத்தில் முறுக்குங்கள். வோல்ட் படிப்படியாக ஏறிக்கொண்டே போக வேண்டும். எங்காவது ஒரு இடத்தில் சட்டென்று விழுந்து மறுபடி ஏறினால் அங்கே உள்ளே தேய்ந்திருக்கிறது. ஊருக்குள் நாம் தினமும் பிடிக்கும் அந்தக் கால்வாசி முறுக்கில்தான் தேய்மானம் அதிகம் வரும், அதனால் அந்த இடத்தில் இரண்டு மூன்று முறை போய் வாருங்கள். வேகமாக முறுக்கி "0.6, 4.2, ஓகே" என்று முடித்துவிட்டால் இந்தக் குறை கண்ணில் படவே படாது.

சிக்னல் சரி என்றால் இந்தக் குறை சென்சார் வேலையே இல்லாமலும் இருக்கலாம். கிளட்ச், பெல்ட், ரோலர், அடைத்த ஏர் ஃபில்டர், பெட்ரோல் பிரஷர் எதுவானாலும் ஓட்டுபவருக்கு "பிக்கப் இல்லை" என்றுதான் தெரியும். ஆர்பிஎம் ஏறுகிறது, வண்டி மட்டும் ஓடவில்லை என்றால் பெல்ட் பக்கம். ஆர்பிஎம்மே ஏறவில்லை என்றால் பெட்ரோல் பக்கம். ஹோண்டா பம்ப்புகளில் பிரஷர் சுமார் 3 பார் இருக்க வேண்டும், கேஜ் இல்லாமல் இதைப் பார்க்க முடியாது, இதற்கு மட்டும் கடைக்குப் போய்விடுங்கள்.

மைலேஜ் விழுந்துவிட்டது

ஆக்சிஜன் சென்சார் மேல் எல்லோருக்கும் ஒரு கண், லைட் எரிந்தாலே இதைத்தான் முதலில் மாற்றச் சொல்கிறார்கள். இதற்கு வேலையே சுமார் 300 டிகிரிக்கு மேல்தான் தொடங்கும், அதனால் வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து அளக்க வேண்டும். டிசி 2 வோல்ட் ரேஞ்ச், கப்ளர் மாட்டியபடியே. ஐடிலிங்கை விடக் கொஞ்சம் கூட்டிப் பிடித்தால் 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே ஊஞ்சல் மாதிரி ஆட வேண்டும். திடீரென முறுக்கினால் 0.6-க்கு மேல் போகும், சட்டென விட்டால் 0.4-க்குக் கீழே இறங்கும். 0.45-இல் அசையாமல் நின்றால் சென்சார் உறங்குகிறது அல்லது ஒயர் போய்ச் சேரவில்லை. எப்போதும் 0.8-லேயே நின்றால் சென்சார் உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கலாம், பெட்ரோல் நிஜமாகவே அதிகம் போகிறது. ஏர் ஃபில்டர், கசியும் இன்ஜெக்டர், அந்தச் சூட்டு சென்சார் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் திரும்பி வாருங்கள். சைலன்சர் குழாய் கேஸ்கெட் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே போய் அளவு கீழேயே நிற்கும், அதற்கும் பாவம் இந்தச் சென்சாரைத்தான் மாற்றுகிறார்கள்.

இதை ஓம் வைத்து அளக்கவே கூடாது, மீட்டர் விடும் மின்சாரமே அதைக் கெடுக்கும். நான்கு ஒயர் உள்ளதென்றால் ஒரே நிறமாக இருக்கும் இரண்டு ஒயர் பொதுவாக ஹீட்டர், அதை மட்டும் ஓம் பார்க்கலாம். ஒற்றை ஒயர் சென்சாரில் ஹீட்டரே கிடையாது, சைலன்சர் சூடுதான்.

சூடானதும் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது

இது ரொம்பக் கடுப்பேற்றும் ரகம், ஏனென்றால் கடைக்குக் கொண்டுபோனால் ஒழுங்காக ஓடும். கிராங்க் காயில் சூட்டில் விரிந்து உள்ளே அறுவது ஒரு காரணம். நின்ற அந்த நிமிடமே, ரோட்டோரத்திலேயே அளந்தால்தான் பிடிபடும். ஆறிய பிறகு அளந்தால் நல்லபிள்ளையாகக் காட்டும். வீட்டில் என்றால் பெண்கள் தலை உலர்த்தும் டிரையரால் கழற்றிய சென்சாரைச் சூடாக்கிக்கொண்டே ஓம் பாருங்கள். சூட்டோடு சம்பந்தமில்லாமல் பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் நிற்கிறதென்றால் ஐடிலிங்கில் ஓட விட்டு ஒவ்வொரு கப்ளரையும், சாவி சுவிட்ச் ஒயரையும் கையால் ஆட்டிப் பாருங்கள், எதை ஆட்டும்போது இருமுகிறதோ அதுதான்.

மழையிலும் வாட்டர் வாஷுக்குப் பிறகும் வரும் கோடுகளுக்கு ஒரே வைத்தியம்தான். கப்ளர்களைக் கழற்றி, கான்டாக்ட் கிளீனர் அடித்து, வெயிலில் உலர்த்தி, ரப்பர் சீல் கிழியாமல் இருக்கிறதா பார்த்து மாட்டுங்கள். பிரஷர் பைப்பை த்ராட்டில் பாடிப் பக்கம் காட்டாதே என்று வாஷ் பண்ணும் தம்பியிடம் சொல்லிவிடுங்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்ற வண்டியென்றால் சென்சாரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், ஏர் ஃபில்டரையும் ஆயிலையும் பார்க்காமல் செல்ஃபைத் தொடாதீர்கள்.

சரி, உண்மையிலேயே போய்விட்டது, மாற்ற வேண்டும்

பார்ட் நம்பர் பழைய சென்சாரின் மேலேயே இருக்கும், போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். கப்ளர் பொருந்துகிறது என்பதற்காகப் பக்கத்து மாடலின் சென்சாரை மாட்டாதீர்கள், உள்ளே ஓம் கணக்கு வேறாக இருக்கும். மலிவு டூப்ளிகேட்டில் சூட்டு சென்சாரை ஓரளவு நம்பலாம், வாங்கும்போதே அளந்துவிட முடியும். ஆக்சிஜன் சென்சாரிலும் டிபிஎஸ்ஸிலும் ஒரிஜினல் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்பது என் கட்சி.

பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஆக்சிஜன் சென்சாரை இன்ஜின் கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போது கழற்றுங்கள், முழுதும் ஆறினால் மரை கடித்துக்கொள்ளும். ஒயர் போக வெட்டு விட்ட சாக்கெட் இருந்தால் நல்லது. புதியதன் மரையில் ஏற்கெனவே பூசியிருக்கும் பசையைத் துடைக்காதீர்கள். முனையைக் கையால் தொடாதீர்கள், கீழே போட்டுவிட்டால் உள்ளே பீங்கான் விரிசல் விட்டிருக்கும். அந்தப் பக்கம் எங்கேயும் சாதா சிலிக்கான் சீலன்ட் தடவ வேண்டாம், அதன் ஆவி சென்சாருக்கு விஷம். சூட்டு சென்சாரை முதலில் விரலால் நாலைந்து மரை ஏற்றிவிட்டு, புது வாஷர் போட்டு, மேனுவல் சொல்லும் டார்க்கோடு (இறுக்கும் அளவு) நிறுத்துங்கள். அலுமினிய ஹெட்டில் மரை போனால் சென்சார் விலையைப் போல் பல மடங்கு செலவு. மேக்னெட்டோ பக்கக் காயிலை மாற்றினால் காந்தத்துக்கும் அதற்கும் உள்ள இடைவெளி பழையபடியே இருக்கட்டும், ஒயரைக் கிளிப்பில் மாட்டாமல் விட்டால் சுற்றும் மேக்னெட்டோ அதைச் சீவிவிடும்.

மாட்டியதும் கோடை அழிக்க வேண்டும். ஸ்கேனர் இருந்தால் அதிலேயே. பேட்டரியைக் கழற்றினால் எல்லாம் அழிந்துவிடும் என்பது எல்லா வண்டிக்கும் பொருந்தாது, பதிந்த கோடு பல இசியுவில் பேட்டரி இல்லாமலும் நிற்கும். குறை தீர்ந்திருந்தால் சில நாள் ஓட்டத்தில் லைட் தானாகவே அணைவதும் உண்டு. டிபிஎஸ் கட்டியையோ த்ராட்டில் பாடியையோ மாற்றியிருந்தால் மூடிய நிலையை இசியுவுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும், அந்த ரீசெட் முறை மாடலுக்கு மாடல் வேறு, மேனுவலில் உள்ளபடியே செய்யுங்கள். அப்புறம் ஒரு இருபது கிலோமீட்டர், நிறுத்தி நிறுத்தி, ஊருக்குள்ளும் பைபாஸிலுமாக ஓட்டிவிட்டு வந்து மறுபடி கோடு படியுங்கள். கழற்றிய பழையதை அளவு எழுதிய சீட்டோடு ஒரு கவரில் போட்டு வையுங்கள், என் மிட்டாய் டப்பாவில் அந்தச் சீட்டு இல்லாததால்தான் எது எந்த வண்டியுடையது என்று எனக்கே இன்றைக்கு ஞாபகம் இல்லை.